தெளியாத தொட்டி

தண்ணீர் பச்சையாக இருந்திருக்க வேண்டும்.

பித்தளையை எலுமிச்சை உப்பில் கழுவினால் தண்ணீர் இளம்பச்சையாகத்தான் மாறும். கரி அதிகமிருந்தால் அந்தப் பச்சையில் கொஞ்சம் கறுப்பு இழையோடும், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் ரோலண்ட் பாக்கன் வேறு நிறத்தைப் பார்த்ததில்லை. இன்றைக்குக் கம்பிக்கூடையைத் தூக்கியபோது தொட்டியில் கிடந்தது ஒரு வெளுத்த கலங்கல். சாம்பல் கரைத்த தண்ணீர். கூடையை உலுக்கினான். சுட்ட தோட்டாக் கூடுகளின் வாயிலிருந்து அதே நிறத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"டெல்மர் துப்பாக்கியில சுட்ட கூடும் இதுல கிடக்குதில்ல. வேற எப்படி இருக்கும்" என்று வாய்விட்டே சொன்னான்.

கீழறையில் கேட்க ஆளில்லை. ஆளில்லாத இடத்திலும் டெல்மரைத் திட்டுவது அவனுக்கு ஒரு பழக்கம். டெல்மர் செத்து, பனி உருகி, கோடை போய், மறுபடி பனி விழத் தொடங்கிவிட்டது. பழக்கம் போகவில்லை.

ரோலண்டின் கணக்கில் ஆண்பிள்ளைகள் இரண்டு வகை. வேட்டையிலிருந்து வந்ததும் துப்பாக்கியைத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர்கள். சாப்பிட்டுவிட்டுத் துடைக்கலாம் என்கிறவர்கள். இரண்டாவது வகையை அவன் மனுஷனாகச் சேர்ப்பதில்லை. டெல்மர் அதிலும் சேராத ஜன்மம். சாப்பிட்டுவிட்டும் துடைக்கமாட்டான். அறுவை மில்லில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பலகை இழுத்த காலத்திலிருந்தே அவன் அப்படித்தான். மூக்கில் மரத்தூள், தாடியில் ரொட்டித்துகள், கரடி மாதிரித் தடித்த விரல்களில் மரப்பிசின், சட்டைப்பையில் பாதி கடித்த மாட்டுக்கறி வற்றல். ஒருமுறை அவன் துப்பாக்கிக் குழலுக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதையும் ஊதிவிட்டுச் சுட்டான். மானும் விழுந்தது. அதைத்தான் ரோலண்டால் மன்னிக்க முடியவில்லை.

சுட்ட கூட்டைப் பொறுக்கி, கழுவி, அடியில் பொறி தட்டுகிற புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து அளந்து, குண்டு பொருத்தி மறுபடி தோட்டாவாக்குவது ரோலண்டுக்குத் தொழிலும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. அதுதான் அவன். கடையில் புதுத் தோட்டா வாங்குகிறவனைக் கண்டால் சிரிப்பான். சோளத்தூளில் போட்டு உருட்டிக் கழுவுகிற கிழடுகளைக் கண்டால் இன்னும் சத்தமாகச் சிரிப்பான். டெல்மர் சேற்றிலிருந்து பொறுக்கிய கூடுகளைச் சாக்கோடு கொண்டுவந்து ரோலண்டின் மேஜையில் கொட்டுவான். "இந்தாடா ரோலி, உனக்கு விளையாட்டுச் சாமான்" என்பான். ஒரு நன்றி கிடையாது. இவனும் திட்டிக்கொண்டே கழுவிக் கொடுப்பான். அந்தக் கூடுகளுக்காகத்தான் இந்த அல்ட்ராசானிக் தொட்டியையே வாங்கினான்.

ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு ஸ்டீல் தொட்டி. காதுக்கு எட்டாத சத்தத்தால் தண்ணீரை உலுக்கும். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் வெடித்து வெடித்து, பிரஷ் நுழையாத மூலையிலிருந்தும் அழுக்கைப் பிடுங்கிக்கொண்டு வரும். கூடு, துப்பாக்கிப் போல்ட், விசைக் கட்டு, எதைப் போட்டாலும் பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆக்கிவிடும். காதுக்கு எட்டாது என்பது விற்கிறவன் பேச்சு. எட்டும். கடைவாய்ப் பல்லுக்குள் நுழைகிற மாதிரி ஒரு ரீங்காரம், அதற்கு அடியில் வாணலியில் கொழுப்பு பொரிகிற மாதிரி ஒரு சளசளப்பு. மற்றவர்களுக்குத் தலை வலிக்கும். ரோலண்டுக்கு அது தாலாட்டு.

தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினான். புதுத் தண்ணீர், புது எலுமிச்சை உப்பு, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. கூடுகளை மறுபடி இறக்கி மெஷின் விசையைத் தட்டினான்.

மேலே விறகடுப்பில் எல்க் மான் கறியும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. மாடிப்படி வழியாக அந்த மணம் இறங்கி, கீழறையின் எண்ணெய் வாடையோடும் ஈரச் சிமென்ட் வாடையோடும் கலந்தது. உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலில் பகல் வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. நவம்பரில் மலைக்குப் பின்னால் சூரியன் விழுந்தால் விழுந்ததுதான். மேஜையோரம் ஒரு வெள்ளைத் துண்டை நான்காக மடித்து வைத்திருந்தான். கழுவிய கூடுகளை அதில்தான் வரிசையாக அடுக்கப்போகிறான். மார்லிஸ் வந்து பார்க்கும்போது பொன் மாதிரி இருக்க வேண்டும்.

மார்லிஸ், டெல்மரின் பெண்டாட்டி. இப்போது டெல்மரின் விதவை. தனக்கு வரவேண்டியவள் எப்படி அந்த அழுக்கு மூட்டையோடு போய்ச் சேர்ந்தாள் என்று முப்பது வருஷமாக ரோலண்ட் யோசித்திருக்கிறான். விடை கிடைக்கவில்லை. போன வாரம் அவளே மேலே சமையல்கட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுச் சொன்னாள்.

"கூடு என் கைக்கு வரட்டும் ரோலி. பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு, மிச்சம் எனக்கு. அதோட அவனுக்குச் செய்ய வேண்டியது முடிஞ்சுது. அப்புறம் நம்ம பேச்சைப் பேசலாம்."

நம்ம பேச்சு. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவன் இந்த ஒரு வாரமும் சாப்பிட்டான், தூங்கினான்.

கூடையைத் தூக்கினான்.

சாம்பல் நிறம். முன்னைவிடக் கெட்டி.

விரலை விட்டு அடியைத் தடவினான். வண்டல் படிந்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தான். நறநறத்தது. கரி நறநறக்காது. கரி மை மாதிரி வழுக்கும். இது மணல். நடுவில் கிளிஞ்சல் உடைந்த மாதிரி ஒரு சின்னத் துண்டு.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். போன மாதம் இதே மேஜையில், ஒரு காப்பி டப்பாவுக்குள், இதே துண்டுகளைப் பார்த்திருக்கிறான்.

மிசூலா ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது டெல்மர் கேட்டுக்கொண்டது இது. என்னைப் பொசுக்கிய பிறகு சாம்பலைத் தோட்டாவில் அடைத்து, எல்க் வேட்டை சீசன் தொடங்குகிற அன்றைக்கு மலை உச்சியிலிருந்து சுட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. "வாழ்நாள்ல நான் சுட்டது எதுவும் நேராப் போனதில்ல. நானே உள்ள உக்காந்து போனாத்தான் உண்டு" என்று சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமி முடித்துவிட்டு, "நீதான் அடைக்கணும் ரோலி. நம்ம குடிகாரக் கஸ் அடைச்சான்னா நான் அவன் காலடியிலயே வெடிப்பேன்" என்றான். மார்லிஸ் பக்கத்தில் இருந்தாள். ரோலண்ட் சரி என்றான்.

சீசனுக்கு முந்தின நாள் அவள் காப்பி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். ரோலண்ட் மூடியைத் திறந்து பார்த்தான். அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தான். இது மணல், எலும்பு மணல். இதை அடைத்துச் சுட்டால் குழலின் உட்புறம் முழுக்கக் கீறல் விழும். டெல்மருடையது தவிர, சுடப்போகிற துப்பாக்கிகள் எல்லாம் இவன் கையால் துடைத்துப் பேணியவை; ஒன்று இவன் அப்பாவுடையது. உயிரோடு இருந்தவரைக்கும் அழுக்கைக் கொண்டுவந்து கொட்டினான், செத்த பிறகு குழலுக்குள்ளேயே வருகிறானா? இதுதான் ரோலண்ட் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணம். முழுப் பொய்யும் இல்லை.

குண்டு வைக்காமல் சுடுவதற்கு மருந்துக்கு மேல் ரவையைப் போட்டு, வாயை மெழுகால் அடைப்பது இந்த வேலை தெரிந்த எல்லாரும் செய்வதுதான். காலையில் கஞ்சி காய்ச்சுகிற அதே ரவை. சமையல்கட்டிலிருந்து எடுத்துவந்து அடைத்தான். காப்பி டப்பாவை அடுப்புச் சாம்பல் வாளியில் கவிழ்த்துக் கலந்தான். அன்றைக்கு வீட்டுக்கு ஏறி வருகிற மேட்டுப்பாதை பனிக்கட்டியாகி வழுக்கிக்கொண்டிருந்தது. ஈரக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையால் அள்ளி அள்ளி வீசினான். வண்டி டயர் நல்ல பிடிப்போடு ஏறியது. "செத்தப்புறமாவது ஒரு வேலைக்கு ஆனியே" என்றான்.

மறுநாள் விடியலில் வேட்டைக் கூட்டாளிகள் மலை உச்சியில் வரிசையாக நின்று சுட்டார்கள். வெள்ளைப் புகை எழுந்து காற்றில் கலைந்தது. தொப்பியைக் கழற்றினார்கள். கஸ் மூக்கை உறிஞ்சினான்.

"டேய், என்னடா இது, டெல்மர் காலைப் பலகாரம் மாதிரி மணக்கிறான்?"

"அவன் எப்பவும் தின்னுக்கிட்டேதானடா இருந்தான்" என்றான் ரோலண்ட்.

எல்லாரும் சிரித்தார்கள். மார்லிஸும் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே ரோலண்டின் சட்டைக் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் அவனுக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் வரவில்லை. ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆக, அன்றைக்குச் சுட்ட இந்தக் கூடுகளுக்குள் டெல்மர் ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரு துகள்கூட இல்லை. வெறும் ரவை.

பிறகு இது எங்கிருந்து?

மெஷினில்தான் கோளாறு என்று முடிவு கட்டினான். அடித்தகட்டில் ஓட்டை விழுந்து உள்ளிருப்பது எதுவோ கசிகிறது. மெஷினைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ரொட்டி சுற்றுகிற மெல்லிய அலுமினியத் தாளை ஒரு துண்டு கிழித்துத் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். மெஷின் ஒழுங்காக இருந்தால் தாள் முழுக்க ஊசி குத்திய மாதிரி சீராகப் பொத்தல் விழும். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, தாளை ஒரு கம்பியில் கோத்துக் குறுக்கே தொங்கவிட்டான். விசையைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ரீங்காரம் எழுந்தது. பிறகு, அவன் எதையும் போடாமலே, கனமான எதையோ உள்ளே இறக்கியது போல் அந்தச் சத்தம் ஒரு படி தாழ்ந்தது.

விசையை அணைத்துத் தாளைத் தூக்கினான். தாள் முழுக்கப் பொத்தல். சல்லடை மாதிரி. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

ஆனால் தாளின் கீழ்ப்பாதியில் சில இடங்கள் மட்டும் பொத்தல் விழாமல் வழவழவென்று பளபளத்தன. ஒரு பக்கம் வரிசையாக நான்கு வட்டம். திருப்பினான். மறுபக்கம், சற்றுக் கீழே, ஒன்று. பெரியது. விரல் வைத்துப் பிடித்த இடத்தில் குமிழி எட்டியிருக்காது. மெஷின் ஓடும்போது தாளை யாரோ கிள்ளிப் பிடித்திருந்தால் இப்படித்தான் இருக்கும்.

தன் கட்டைவிரலை அந்தப் பெரிய வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தான். வட்டம் விரலைச் சுற்றி வெளியே தெரிந்தது.

"கிழிக்கும்போது நானே அழுத்தியிருப்பேன்" என்றான். குரல் சிமென்ட் சுவரில் பட்டுச் சப்பையாகத் திரும்பியது. தாளைக் கசக்கி மூலையில் எறிந்தான்.

சுவரிலிருந்த போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

"ரோலி, நான் கிளம்பிட்டேன்" என்றாள் மார்லிஸ். "ரோடு கண்ணாடியாட்டம் இருக்கு. உன் வீட்டு மேட்டுல சாம்பல் போட்டிருக்கியா? ரொட்டியும் கையுமா நான் குப்புற விழுந்தா நீதான் பொறுக்கணும்."

"போட்டது அப்படியே கிடக்கு."

"கிடக்கும் கிடக்கும். என் வீட்டுக்குள்ளயுமில்ல கிடக்கு! அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தப்போ பூட்ஸ்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நானும் பெருக்கறேன். காலையில எழுந்தா மறுபடியும் இருக்கு. கட்டில் பக்கம் வரைக்கும் வந்துருச்சு. அப்படி என்னதான் விறகு எரிக்கிறே நீ?"

"பைன்தான்."

"பைன் சாம்பல் பஞ்சாட்டம் இருக்குமே. இது காலடியில நறநறங்குது."

ரோலண்ட் போன் வயரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான்.

"என்ன, இருக்கியா? கூடு ரெடியா?"

"ஆயிட்டே இருக்கு."

"பளபளன்னு இருக்கணும், சொல்லிட்டேன். பாவி மனுஷன், அவன்தான் ஒரு நாளும் பளபளன்னு இருந்ததில்ல."

போனை வைத்தபோது கை வேர்த்திருந்தது. போனில் சாம்பல் நிறத்தில் விரல் தடங்கள்.

துணியால் துடைத்தான். துணியிலும் ஒட்டியது.

நிதானம், நிதானம் என்று சொல்லிக்கொண்டான். அவன் பைத்தியக்காரன் இல்லை, பேய்க்கதை பேசுகிற குடிகாரக் கஸ்ஸும் இல்லை. ஒரு மெஷின், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பித்தளை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். முதலில் வெறும் தண்ணீரை ஓடவிட்டான். தெளிவாகவே இருந்தது. அடியில் ஸ்டீலின் கோடுகள்கூடத் தெரிந்தன. அப்புறம் இடுக்கியால் ஒரு கூட்டை எடுத்து உள்ளே விட்டான். தண்ணீர் அப்படியே இருந்தது. மிச்சக் கூடுகளையும் இடுக்கியாலேயே போட்டான். ரீங்காரம், சளசளப்பு. மெல்ல மெல்லத் தண்ணீர் பூத்தது. பச்சை. இளம்பச்சை. அழகான, யோக்கியமான பச்சை.

ரோலண்ட் சிரித்தே விட்டான். நெஞ்சிலிருந்த பாறை இறங்கியது. இடுக்கியால் கூடுகளை எடுத்து வெள்ளைத் துண்டின் மேல் அடுக்கினான். பொன். விளக்கு வெளிச்சம் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சுடராக நின்றது. வரட்டும் மார்லிஸ். பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் மூலையில் சாய்ந்து கிடந்தது. இடுக்கி வழுக்கியது. கையை விட்டான்.

விரல் நுனியிலிருந்து புகை கிளம்பியது.

தண்ணீருக்குள் புகை. சாம்பல் நிறத்தில், நகக்கண்ணிலிருந்து, சுருள் சுருளாக. அது பச்சைக்குள் விரிந்து, இறங்கி, அடியில் போய்ப் படிந்தது. கையை வெடுக்கென்று இழுத்தான்.

கூட்டிலிருந்து இல்லை. மெஷினிலிருந்து இல்லை.

குழாயடிக்கு ஓடினான். சோப்பு. இரும்புக் கம்பி பிரஷ், குழல் தேய்க்கிற பிரஷ். தோல் சிவந்து, ரத்தம் பொடிக்கும் வரை தேய்த்தான். துடைத்தான். விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். சுத்தமான கை. தொட்டிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றினான். விசையைத் தட்டினான். ஒரு விரலை மட்டும் வைத்தான்.

புகை.

ஓடுகிற தொட்டிக்குள் கை விடக்கூடாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எலும்புக்குள் முள் ஏறுகிற மாதிரி சுரீரென்று இருக்கும். ஒருமுறை விட்டவன் மறுமுறை விடமாட்டான். ஆனால் இப்போது சுரீரென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையை யாரோ பொறுமையாகத் தடவிவிடுகிற மாதிரி.

ஜன்னல் கறுத்துவிட்டது. தூரத்தில் ஒரு வண்டி கியர் மாற்றி மேடு ஏறியது. டயருக்கடியில் நறநறவென்று சத்தம். விளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து கூரையில் ஓடி அணைந்தது.

வந்துவிட்டாள்.

இந்தக் கையோடு அவளைத் தொட முடியாது. தொட்டால் ஒட்டும். ஒட்டினால் தேய்த்துப் பார்ப்பாள். நறநறக்கும். அவளுக்குத் தெரிந்துவிடும். டப்பாவில் பார்த்திருக்கிறாள், கையால் அள்ளிப் போட்டுக் கொடுத்தவளே அவள்தான்.

கையை மணிக்கட்டு வரை இறக்கினான். சாம்பல் கொட்டியது. தோலின் ஒவ்வொரு துளையிலிருந்தும் கொட்டியது. தண்ணீர் கெட்டியானது. கொட்டிவிட்டு வேறு ஊற்றினான். மறுபடி இறக்கினான். மேலே கதவு திறந்தது. பூட்ஸைத் தட்டுகிற சத்தம். சமையல்கட்டுத் தரையில் நடை. நறநற. நறநற.

"ரோலி? கறி அடிப்பிடிக்குதே, மூக்கு இல்லையா உனக்கு? கீழயா இருக்கே?"

"அங்கேயே இரு. வர்றேன்."

"ஆமா, ராணிக்குப் பல்லக்கு அனுப்பப்போறான். நானே வர்றேன் இரு."

தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்தது. கலங்கல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தெளிந்தது.

கையை வெளியே எடுத்தான். லேசாக இருந்தது. வலியில்லை. வெள்ளை வெளேரென்று, எந்த மூலையிலும் ஒரு துளி அழுக்கில்லாமல் இருந்தது. அவன் வாழ்நாளில் இத்தனை சுத்தமாக எதையும் கழுவியதில்லை. விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவே வெளிச்சம் புகுந்து வந்தது.

இன்னொரு கையை இறக்கினான். அது சீக்கிரமே முடிந்தது.

படியில் அவள் பூட்ஸ். தோளில் பனி, கையில் துணி சுற்றிய சோள ரொட்டி. அவன் மேஜையை மறைத்துக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பினான்.

"கூடு ரெடி" என்றான். "துண்டு மேல இருக்கு. பொன்னு மாதிரி."

மார்லிஸ் கூட்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். கடைசிப் படியில் நின்றாள். முதலில் சிரித்தாள்.

"என்ன ரோலி, மூஞ்சியெல்லாம் சாம்பல்? நெத்தியில, கன்னத்துல... வாயோரத்துல கூட. அடுப்புக்குள்ளயா தலையை விட்டே?"

கழுத்துத் துணியின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். அந்த விரல் நீண்டது. முப்பது வருஷம் அவன் காத்திருந்த விரல்.

தொட்டால் தெரிந்துவிடும்.

"தொடாதே."

"அட, துடைக்கத்தான்..."

"தொடாதே மார்லிஸ். ஒரு நிமிஷம். கை ரெண்டும் முடிஞ்சுது. முகம் மட்டும் பாக்கி."

திரும்பித் தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினான். ஸ்டீலில் பீங்கான் வைத்தது போல் டக்கென்று ஒலித்தது. பின்னால் ரொட்டி தரையில் விழுந்தது. அவள் மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. அதைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அவன் குனிந்தான். வெதுவெதுப்பான தண்ணீர் தாடையைத் தொட்டது, வாயைத் தொட்டது, காதுவரை ஏறியது. ரீங்காரம் தாழ்ந்தது. மண்டைக்குள் முழுக்க அந்தச் சளசளப்பு. கண்ணைத் திறந்து பார்த்தான். சாம்பல். அவன் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் கண்ணிலிருந்தும் மேகமாக இறங்கியது. பொறுத்துக்கொண்டான். வலியில்லை. அவசரமும் இல்லை. நல்ல வேலை மெதுவாகத்தான் நடக்கும். வெளுத்தது. தெளிந்தது. தொட்டியின் அடியில் ஸ்டீலின் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

தலையைத் தூக்கினான். தண்ணீர் சொட்டியது. காற்று நேராகப் பல்லில் பட்டுச் சில்லென்றது.

சுத்தமாகிவிட்டதா என்று கேட்க அவள் பக்கம் திரும்பினான். மார்லிஸ் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். இரண்டு கையும் வாயைப் பொத்தியிருந்தன. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பார்த்தான். முதல் எழுத்தே வரவில்லை.

அதற்கு உதடு வேண்டும்.